சிந்தாமணி தந்த துணிவு

1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமிதம் அவருக்கு இருந்தது. தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னார். முதலியாரோ சிறிதும் வியப்புறாமல், இவற்றால் என்ன பயன் என்று கேட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார்.

அதுவரை கற்றது யாவும் ஒரு கேள்வியில் சிறுத்துப்போன நேரம் அது. வேறொருவராயின் சினந்து எழுந்திருப்பர். அன்றிப் படித்ததாகப் பாவனை செய்திருப்பர். ஐயர் இரண்டும் செய்யவில்லை. நூல் கிடைக்காமையால் படிக்கவில்லை என்றும், கிடைத்தால் படித்தறியும் தைரியம் தமக்கு உண்டு என்றும் விடையிறுத்தார். முதலியாரின் முகம் மலர்ந்தது. கையெழுத்துப் பிரதி ஒன்று ஐயர் கைக்கு வந்தது.

துணிவு பெரிது, நூலோ அதனினும் பெரிது. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் அருக சமயக் கருத்துகள் வந்த இடங்களில் ஐயர் தடுமாறினார். சைவ நூல்களில் தோய்ந்த அவருக்கு அச்சொற்கள் புதியவை. தமிழ் இலக்கணம் முழுதும் அறிந்திருந்தாலும் அங்கே அது போதவில்லை. கும்பகோணத்தில் சமணர் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியார் இல்லம் சென்றார். அன்று அவ்வீடு தோரணங்களால் பொலிந்திருந்தது. திருமணமோ என்று நினைத்து விசாரித்தால், பல மாதங்களாக நடைபெற்ற சிந்தாமணிப் படனம் அன்றே நிறைவெய்தியதாம்! தாம் அரிதில் தேடிய நூல் அவ்வில்லத்தில் பாராயண நூலாக விளங்கக் கண்ட ஐயர் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற சமண அறிஞர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர் தாம் மாணவராக அமர்வதை இழிவாகக் கருதவில்லை. சமண நூலில் இத்தனை ஈடுபாடு எதற்கு என்று குறை கூறியோரும் இருந்தனர். அவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. சமணப் பெருமக்களோ, பக்குவம் வாய்ந்த உயிர் என்னும் பொருளில் அவரைப் பவ்விய ஜீவன் என்று போற்றினர். நம் மரபில் இதனினும் உயர்ந்த பாராட்டு எளிதில் கிடைப்பதன்று.

ஏடுகளை ஒப்பிடும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொருள்முட்டு வேறு. நூல் வேண்டுவோரிடம் கையொப்பம் பெற்றும், சென்னைக்கும் கும்பகோணத்துக்குமாக அலைந்தும் 1887இல் சிந்தாமணியை அச்சில் வெளியிட்டார்.

பாராட்டோடு கண்டனங்களும் எழுந்தன. பிழைகள் மலிந்தது என்று துண்டுப் பிரசுரங்கள் உலவின. ஐயர் மனம் கலங்கி மறுப்பு எழுத முற்பட்டபோது, கல்லூரி நண்பர் சாது சேஷையர் அவரைத் தடுத்தார். ஐயர் அவ்வேலையைக் கைவிட்டுப் பத்துப்பாட்டு ஏடுகளை எடுத்துக்கொண்டார். 1889இல் அது வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் தொடர்ந்தன. சிந்தாமணியையும் அவர் விட்டுவிடவில்லை. மேலும் ஆராய்ந்து, திருத்திய இரண்டாம் பதிப்பை 1907இல் வெளியிட்டார்.