கெப்ளரும் எட்டுக் கலையும்

இரவு வானில் ஒளிவிடும் பொருள்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. தாமே ஒளியுடையன விண்மீன்கள். நம் ஞாயிறும் ஒரு விண்மீனே. ஞாயிற்றின் ஒளியைப் பெற்று விளங்கி, அதனைச் சுற்றி வருவன கோள்கள். கோளைச் சுற்றி வருவது துணைக்கோள்; திங்கள் நிலவுலகின் துணைக்கோளாகும். கோள் செல்லும் வழிக்குச் சுற்றுப்பாதை என்று பெயர். அப்பாதையின் உண்மை வடிவை உலகிற்கு உணர்த்திய பெரியார் ஜோகன்னஸ் கெப்ளர் ஆவார்.

அவர் ஜெர்மனியிலுள்ள வைல் என்னும் சிற்றூரில் 1571-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். இளமையில் அம்மைநோய் கண்டமையால் அவருடைய கண்பார்வை குன்றியது, கைகளும் வலுவிழந்தன. 1577-இல் வானில் தோன்றிய பெரிய வால்மீனை அன்னையார் அவரை ஒரு மேட்டிற்கு அழைத்துச் சென்று காட்டினார். 1580-இல் நிலவுலகின் நிழல் திங்களை மறைத்த சந்திர கிரகணத்தைத் தந்தையார் காட்டினார். அவ்விரு காட்சிகளும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர் வாயிலாகக் கோப்பர்நிக்கஸின் கொள்கையை அவர் அறிந்தார். நிலவுலகே நடுவில் உள்ளது என்று பலரும் நம்பிய காலம் அது. ஞாயிறு நடுவில் நிற்க, நிலவுலகும் பிற கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என்று 1543-இல் வெளிவந்த தம் நூலில் கோப்பர்நிக்கஸ் கூறியிருந்தார். எனினும் கோள்களின் இயக்கம் வட்டங்களாலேயே அமையும் என்னும் பழங்கருத்தை அவரும் விட்டாரல்லர்.

கெப்ளர் 1594 முதல் கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியராய் இருந்தார். சமய வேற்றுமை காரணமாக 1600-இல் அந்நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. பிராக் நகரில் இருந்த டைக்கோ பிராகே அவரை உதவியாளராக ஏற்றார். தொலைநோக்கி தோன்றாத அந்நாளில் பெருங்கருவிகளை அமைத்து, 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கோள்களின் நிலைகளை அளந்து குறித்தவர் டைக்கோ. அவர் 1601-இல் மறைந்தபின், அக்குறிப்புகள் கெப்ளரின் கைக்கு வந்தன.

செவ்வாயின் பாதையைக் கணிக்கும் பணி அவர்க்கு வாய்த்தது. வானில் ஒரு பொருளின் நிலை கோணத்தால் அளக்கப்படும். முழு வட்டம் 360 பாகை. ஒரு பாகை 60 கலை. முழுத்திங்களின் அகலம் ஏறத்தாழ 30 கலையாகத் தோன்றும். கெப்ளர் செவ்வாயின் பாதையை வட்டம் எனக் கொண்டு, கணக்கினைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முடிவில் கணக்கு காட்டிய இடத்திற்கும் டைக்கோ அளந்த இடத்திற்கும் 8 கலை வேறுபாடே எஞ்சி நின்றது. அது திங்களின் அகலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. அளவையில் நேர்ந்த பிழை என்று கருதி, அதனை அவர் விட்டிருக்கலாம். ஆனால், டைக்கோவின் அளவையில் அத்துணைப் பிழை நேராது என்பதை அவர் நன்கறிவார். ஆதலின் தம் பல்லாண்டு உழைப்பையும், 2000 ஆண்டுப் பழமையுடைய வட்டக் கொள்கையையும் ஒருங்கே கைவிட்டார்.

மீண்டும் முயன்று, பாதை நீள்வட்டம் எனக் கண்டார். பலகையில் இரண்டு ஆணிகளை அறைந்து, ஒரு நூலின் இரு முனைகளையும் அவற்றில் தளர்வாகக் கட்டி, நூலை எழுதுகோலால் இறுக இழுத்துச் சுற்றினால் நீள்வட்டம் அமையும். ஆணிகள் நிற்கும் இடங்கள் குவியங்கள் எனப்படும். ஞாயிறு ஒரு குவியத்தில் உள்ளது. செவ்வாய்ப் பாதையின் நெடுவிட்டத்தை 1000 பங்காகக் கொண்டால் குறுவிட்டம் ஏறத்தாழ 996 பங்காகும். இத்துணை நுண்ணிய வேறுபாட்டையே 8 கலை காட்டிக் கொடுத்தது. கோள் ஞாயிற்றை அணுகும்போது விரைந்தும், அகலும்போது மெல்லவும் செல்லும் என்பதையும் அவர் கண்டார். இவ்விரு விதிகளும் 1609-இல் நூலாக வெளிவந்தன. கோளின் தொலைவிற்கும் அது ஒருமுறை சுற்றிவரும் காலத்திற்கும் உள்ள தொடர்பை 1619-இல் வெளியிட்டார்.

அவர் அன்னையார்மீது சூனியம் செய்பவர் என்னும் பழி 1615-இல் சுமத்தப்பட்டது. 1620-இல் அம்முதியவர் சிறைப்பட்டார். அப்பழிக்கு ஆளானோர் பலர் கொல்லப்பட்ட காலம் அது. கெப்ளர் தொலைவிலிருந்து விரைந்து சென்று, குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, எழுத்தால் மறுத்தார். 1621-இல் அன்னையார் விடுதலை பெற்றார்.

கோள்களின் நிலையை முன்னறிந்து கூற உதவும் வாய்பாடுகளைக் கெப்ளர் 1627-இல் வெளியிட்டார். 1631 நவம்பர் 7-ஆம் நாள் புதன் ஞாயிற்றின் குறுக்கே செல்லும் என்றும் கணித்து அறிவித்தார். அதனைக் காண அவர் இருந்திலர். 1630 நவம்பர் 15-ஆம் நாள் ரேகன்ஸ்பர்க் நகரில் மறைந்தார். பின்னர் நிகழ்ந்த போரில் அவர் கல்லறையும் அழிந்தது. எனினும் அவர் குறித்த அதே நாளில், பாரிஸ் நகரில் கசெண்டி என்னும் அறிஞர், ஞாயிற்றின் ஒளிவட்டத்தில் சிறு கரும்புள்ளியாய்ப் புதன் ஊர்ந்து செல்வதைக் கண்டார்.