வேலூர் வணிகரும் மறைந்த சுருள்களும்

தை பிறந்துவிட்டால் குடியாத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடு விடும் விழா தொடங்கிவிடும். தடுப்புகளுக்கிடையே ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடப்படும் காளைகளில், குறித்த தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடப்பதற்கே பரிசு. ஒவ்வொரு காளைக்கும் நூறு கைப்பேசிகள் உயர்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு இரு படங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, லூமியர் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ 1896-ல் மாட்ரிட்டில் காளைப்போர் வீரர்களின் வருகையைப் பதிவுசெய்த, ஒரு நிமிடம்கூட ஓடாத படம். அதை இன்றும் காணலாம். மற்றொன்று அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் எங்கள் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் எடுத்தது. அதில் ஓரடிச் சுருள்கூட இன்று இல்லை.

1885-ல் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் கலைஞரல்லர், வணிகர். சென்னைக்குச் சென்று முதலில் மிதிவண்டியும், பின்னர் அமெரிக்கக் கார்களும் உதிரிபாகங்களும் விற்றார். தாதாசாகேப் பால்கேயின் படங்கள் அவரை ஈர்த்தன. புனாவுக்குச் சென்று ஸ்டீவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கைப்பிடி சுழற்றும் கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டார். வேகம் சற்றே பிசகினாலும் திரையில் மனிதர்கள் துள்ளி ஓடுவார்கள். ஆகவே இயந்திரத்தைவிடக் கைதான் முதலில் பழக வேண்டியிருந்தது.

சென்னை மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து, நண்பர் பம்மல் சம்பந்த முதலியாரின் யோசனைப்படி கீசகன் கதையைத் தேர்ந்தார். உறவினர் சிலருக்கு அக்கதை உகந்ததாகப் படவில்லை. பம்மலாரே அவர்களைச் சமாதானப்படுத்தினார். சுருள்களைக் கழுவுவதற்குப் பெங்களூரில் ஏற்பாடு. ஐந்து வாரங்களில் முடிந்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாயிற்று. வெளிவந்த ஆண்டு 1916 என்பாரும் 1918 என்பாரும் உளர்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் என் கண் கணக்கின் பக்கமே செல்கிறது. செலவு 35,000 ரூபாய், வரவு 50,000. முதலீட்டின் மீது ஏறத்தாழ 43 விழுக்காடு ஆதாயம். அறிந்த தொழிலின் வருவாயை அறியாத தொழிலில் இட்ட துணிவுக்கு அன்றைய சந்தை தந்த விலை அது. தொடர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவகுசா' முதலிய புராணப் படங்களை எடுத்தார். பேச்சில்லாப் படத்துக்கு மொழி எல்லை இல்லை. எவரும் அறிந்த கதையாக இருந்தால் எழுத்து அட்டைகளை மாற்றி எம்மாநிலத்திலும் ஓட்டலாம். புராணத்தைத் தேர்ந்ததில் பக்தியோடு இந்த வணிகக் கணக்கும் கலந்திருந்தது என்பது என் கருத்து.

அந்நாளைய சுருள் நைட்ரேட்டால் ஆனது. தீப்பொறி பட்டால் அணைப்பது அரிது. 1923-ல் அவருடைய நிலையத்தில் தீ பரவியது. அக்காலத்திலேயே மகனையும் இழந்தார். அத்தோடு திரைத்தொழிலை விட்டு விலகினார், வயது நாற்பதுகூட ஆகவில்லை. பின்னாளில் எஞ்சியிருக்கக்கூடிய பிரதிகளைத் திரட்டிக் காக்க அரசும் முன்வரவில்லை, அவர் தொடங்கிவைத்த தொழிலால் செழித்தவர்களும் முன்வரவில்லை. ஓடி முடித்த படம் விற்றுத் தீர்ந்த சரக்காகவே எண்ணப்பட்டது. புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததே 1964-ல்தான்.

அப்போதும் நடராஜ முதலியார் உயிரோடிருந்தார். 1971-ல் அவர் மறைந்தபோது, திரைக்கு வசனம் எழுதிப் புகழ்பெற்ற இரண்டாமவர் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தார்.