அகதிகளின் வைத்தியர் டொக்டர் இராஜசுந்தரம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களிடம் யார் கேட்டாலும், டொக்டராக வர விருப்பம் என்றே சொல்வோம். எங்கள் பெற்றோரின் துஆவும் அதுவாகத்தான் இருக்கிறது. எப்படிப்பட்ட டொக்டராக என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை என் மனதில் போட்டவர், நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்துவிட்ட ஒரு வைத்தியர். அவர் பெயர் எஸ். இராஜசுந்தரம்.

அவர் பதுளைக்காரர் அல்லர். வவுனியாவில் வைத்தியம் பார்த்தவர். ஆனாலும் அவருடைய கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் மலைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்த மக்களின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கணக்குப் பிரித்தது. 1974 இல் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 ஓகஸ்ட் மாதம், தேர்தல் முடிந்த கையோடு, வன்செயல் வெடித்தது. லயங்களும் தாக்கப்பட்டன.

அந்தக் காலத்தில் பதுளையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய கடை இருந்தது. சம்பள நாளில் கணக்குத் தீர்க்கும் தோட்டக் குடும்பங்கள் பல அங்கே சாமான் வாங்கின. 1977 க்குப் பிறகு அவர்களில் சிலர் வரவேயில்லை. கடன் கொப்பியில் பெயர்கள் மட்டும் மிஞ்சின என்று உம்மும்மா இன்றும் சொல்வார். அவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிப் படித்தபோதுதான் டொக்டர் இராஜசுந்தரத்தை அறிந்துகொண்டேன்.

மலையகத்தை விட்டுப் போன ஆயிரக்கணக்கானோர் வவுனியா, மன்னார், திருகோணமலை முதலிய மாவட்டங்களில் தஞ்சம் புகுந்தனர். குளிரில் பிறந்து கொழுந்து பறித்தே பழகியவர்களுக்கு அது வேறோர் உலகம். வெயில், காடு, தண்ணீர்ப் பஞ்சம், மலேரியாக் காய்ச்சல். கையில் பணமில்லை; பலரிடம் பிரஜை என்று காட்ட ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை.

இந்த மக்களுக்காக உழைத்த அமைப்புத்தான் காந்தியம். கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட் அதன் தலைவர். டொக்டர் இராஜசுந்தரம் அமைப்புச் செயலாளர். அவருடைய மனைவி சாந்தி காராளசிங்கமும் ஒரு வைத்தியர். நகரத்தில் தனியார் வைத்தியம் பார்த்து வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர், ஒரு சதமும் கொடுக்க முடியாத நோயாளிகளின் பக்கம் திரும்பினார்.

அவர் மருந்து கொடுப்பதோடு நின்றிருந்தாலும் அது பெரிய தர்மமாகவே இருந்திருக்கும். ஆனால் காந்தியம் செய்த வேலைகளை வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்து அனுப்பிய பிள்ளை திரும்பவும் மரத்தடியில்தான் படுக்கும். அழுக்குத் தண்ணீரைத்தான் குடிக்கும். அடுத்த கிழமை அதே காய்ச்சலோடு வந்து நிற்கும். ஆகவே நோயாளிக்குத் தேவை மருந்தோடு சேர்த்து ஒரு கூரை, ஒரு கிணறு, விதைக்க ஒரு துண்டு நிலம். காந்தியம் அகதிகளை நிலத்தில் குடியமர்த்தியது. சிறுவர்களுக்கு முன்பள்ளிகள் நடத்தி, சத்துணவு கொடுத்தது. அந்தப் பள்ளிகளில் படிப்பிக்க இளம் பெண்களைப் பயிற்றுவித்தது. எங்கள் வயதுப் பெண்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உடலுக்கு மட்டுமல்ல, பயந்துபோன மனதுக்கும் இதுவே வைத்தியம். பேரழிவில் அகப்பட்டவர்களின் மனநலம் பற்றி உலகின் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2007 இல் ஐந்து விடயங்களை முன்வைத்தார்கள்: பாதுகாப்பு, அமைதி, தம்மால் முடியும் என்ற உணர்வு, மற்றவரோடு உறவு, எதிர்காலத்தில் நம்பிக்கை. வீடு எரிந்து ஓடிவந்த ஒரு தாய், தன் கையால் நட்ட கத்தரிச் செடியில் காய் பறிக்கும்போதும், தன் பிள்ளை முன்பள்ளியிலிருந்து பாடிக்கொண்டு வருவதைக் கேட்கும்போதும், இந்த ஐந்தில் எத்தனை அவளுக்குக் கிடைத்துவிடுகின்றன!

ஆனால் அந்தக் காலம் பொல்லாத காலம். ஆயுதக் குழுக்களுக்கு உதவினார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1983 ஏப்ரலில் டொக்டர் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைது செய்யப்பட்டனர். வழக்கு முடிந்து தீர்ப்பு வரும்வரை டொக்டர் உயிரோடு இருக்கவில்லை.

1983 ஜூலை 27. பதுளையில் வாழும் எவரும் மறக்க முடியாத நாள் அது. அன்று காலை மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலில் கடைவீதி எரிந்தது. பிறகு தமிழரின் வீடுகள் எரிந்தன. பின் பண்டாரவளை, ஹாலி-எல, வெலிமடை என்று தீ பரவி, இரவில் லுணுகலையையும் தொட்டது.

அதே நாளில்தான் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் இரண்டாவது தடவையாகத் தமிழ்க் கைதிகள் தாக்கப்பட்டனர். 25 ஆம் திகதி 35 பேர் கொல்லப்பட்டிருந்தனர். 27 ஆம் திகதி மேலும் 18 பேர். தாக்க வந்தவர்கள் கதவை உடைத்தபோது, டொக்டர் இராஜசுந்தரம் முன்னால் சென்று, கொல்ல வேண்டாமென்று அவர்களிடம் மன்றாடினார். அவரை வெளியே இழுத்து அடித்தே கொன்றார்கள். அவரோடு இருந்த டேவிட்டும் மதகுருமாரும் மற்றவர்களும் கதிரைக் கால்களைக் கையிலெடுத்து எதிர்த்து நின்று உயிர் தப்பினர். மலையிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவரின் உயிர், அதே மலை மறுபடியும் எரிந்த நாளில் பிரிந்தது.

இதை ஓர் இனத்தின் கதையாக மட்டும் நான் எழுதவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டு, வெறுங்கையோடு புத்தளம் வந்து சேர்ந்ததை நாம் அறிவோம். அகதி என்பவர் எப்போதும் வேறு யாரோ அல்லர். மக்காவை விட்டு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் வீட்டிலும் தோட்டத்திலும் பங்கு கொடுத்து ஏற்றுக்கொண்ட வரலாற்றைச் சிறுவயதிலிருந்தே படித்து வருகிறோம். வவுனியாக் காட்டில் ஒரு வைத்தியர் செய்ததும் அந்த வகையான வேலைதான்.

இன்று எங்கள் பரீட்சைக்கு எவ்வளவோ மனப்பாடம் செய்கிறோம். இஸட் புள்ளிக்காக இரவு பகலாக ஓடுகிறோம். அதில் தவறில்லை, படித்தால்தான் டொக்டராகலாம். ஆனால் வெள்ளைக் கோட் போடும் நாள் வந்தால், முன்னால் இருப்பவரின் நாடியைப் பிடிக்கும்போது, இவர் இன்றிரவு எங்கே படுப்பார் என்றும் கேட்கத் தெரிந்த டொக்டராக நான் இருக்க வேண்டும். என் பெற்றோர் கேட்கும் துஆவில் இதையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.