பெயர்களைத் தமிழாக்கிய தென்காசி வேந்தர்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தவழ்ந்து வரும் நகரம் தென்காசி. கங்கைக் கரையிலுள்ள காசியின் பெயரைத் தென்பாண்டி மண்ணில் நிலைநாட்ட விழைந்த பராக்கிரம பாண்டியர், 1446-ஆம் ஆண்டில் இங்கே விசுவநாதர் திருக்கோயிலை எழுப்பத் தொடங்கினார். மதுரையை இழந்த பாண்டியர் மரபு தென்காசியில் தழைத்தது. அம்மரபில் 1564 அளவில் முடிசூடியவர் அதிவீரராம பாண்டியர்.

அவர் காலத்தில் பாண்டிய நாடு சுருங்கியிருந்தது. விசயநகர வேந்தரும் மதுரை நாயக்கரும் மேலோங்கியிருந்தனர். அந்நாளில் அரசர் எழுத்தாணி ஏந்தினார். நிரம்ப அழகிய தேசிகரிடம் தமிழ் பயின்ற அவர், வடமொழிக் கதைகளையும் புராணங்களையும் தமிழ்ச் செய்யுளாக்கினார்.

அப்பணியில் அவர் எதிர்கொண்டது பெயர்களின் சிக்கல். வடவர் பெயர்களை அவ்வாறே எழுதினால் தமிழ் யாப்பு இடறும். முற்றிலும் மாற்றினால் கதைமாந்தர் அடையாளம் இழப்பர். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைந்த சொல்லைச் செய்யுளில் ஏற்கலாம் என்று தொல்காப்பியம் வழி வகுத்திருந்தது. எவ்வெழுத்து எவ்வாறு திரியும் என்பதை நன்னூல் விரித்துரைத்தது. அதிவீரராமர் அவ்வழியே நடந்தார். சொல்லிடையில் வந்த ஷகரம் டகரமாயிற்று: நிஷதம் நிடதமாகவும், புஷ்கரன் புட்கரனாகவும் ஆயினர். லிங்க புராணம் முன்னே இகரம் பெற்று இலிங்க புராணமாயிற்று. பீமன் வீமனானான். அவருடைய பெருங்காப்பியத்தின் பெயரான நைடதமும் இவ்விதியால் பிறந்ததே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இயற்றிய வடமொழிக் காப்பியம் நளன், தமயந்தி திருமணத்தையும் இல்லற இன்பத்தையும் பாடி முடிகிறது. அதிவீரராமரோ கலி தொடர்ந்ததையும், சூதில் நாடு போனதையும், கானகத் துயரையும், மீண்ட அரசாட்சியையும் பாடினார். நாடிழந்து, வேற்றுப்பெயரில் மறைந்து, பிறனுக்குத் தேரோட்டிய மன்னனின் கதை, மதுரையை இழந்த குலத்தில் தோன்றிய மன்னரால் முழுமையாகப் பாடப்பட்டது. நைடதத்தைப் புலவர்க்கு மருந்தெனப் பிற்காலத்தார் போற்றினர்.

வடகாசியின் பெருமை கூறும் காசி காண்டத்தையும் அவர் தமிழில் தந்தார். ஊர்ப்பெயராய் முன்னமே தெற்கே வந்திருந்த காசி, அவரால் காப்பியமாகவும் வந்து சேர்ந்தது. கூர்ம புராணமும் அவர் ஆக்கமே. சிறுவர் ஓதும் அறநூலாகிய வெற்றிவேற்கையும் அவர் பெயரால் வழங்குகிறது.

அயல்நாட்டு வரலாற்றையும் பெயர்களையும் தமிழில் பாடமுனையும் கவிஞர்க்கு அவர் வாழ்வு ஒரு நெறியைக் காட்டுகிறது. பெயரின் வேரும் சிதையாமல், தமிழின் ஓசையும் குலையாமல் அமைத்தலே அந்நெறி. அதிவீரராமர் ஆண்ட நாடு இன்றில்லை. நிடதத்து மன்னன் தமிழ்ப்பெயரோடு வாழ்கிறான். தென்காசியும் அப்பெயரோடே வாழ்கிறது.