கெஜட்டில் இரண்டாவது தேதி

தில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், கெஜட்டின் தலைப்பில் இரண்டு தேதிகள் அச்சாகியிருப்பதைப் பார்த்து விழித்தேன். ஒன்று ஆங்கிலத் தேதி. மற்றது சக வருஷத் தேதி. இரண்டாவதற்குப் பின்னால் இருந்தவர் மேகநாத் சாஹா என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

1893-ல் டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1905-ல் கவர்னர் வருகையைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் மேல்ஜாதி மாணவர்கள் அவருடன் அமர்ந்து சாப்பிட மறுத்தார்கள். நம் சங்கப் பத்திரிகையில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை. 1920-ல் நட்சத்திர ஒளியிலிருந்து வெப்பநிலையை அறிய வழிசெய்த சமன்பாடு அவரை உலகறியச் செய்தது.

1952-ல் காலண்டர் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். அப்போது தேசத்தில் ஏறக்குறைய 30 பஞ்சாங்க முறைகள். சூரிய சித்தாந்தத்தின் வருஷம் 365.2588 நாள், பருவங்கள் திரும்பிவரும் வருஷம் 365.2422 நாள். வித்தியாசம் சுமார் 24 நிமிஷமே. ஆனால் 1,400 வருஷத்தில் அது 23 நாளாகிவிடுகிறது! மார்ச் 21-ஐ ஒட்டி இருந்த மேஷ சங்கராந்தி ஏப்ரல் 14-க்கு நகர்ந்தது இப்படித்தான். டிசம்பர் 22-லேயே சூரியன் வடக்கே திரும்பிவிட, நாம் தை பிறக்கும்வரை சங்கல்பத்தில் தக்ஷிணாயனம் என்கிறோம். நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நிரயண முறைக்கு இது குற்றமே அல்ல என்பார் என் தகப்பனார். அதுவும் ஒரு நியாயம்தான். சாஹாவுக்கோ பருவம்தான் முக்கியம்.

1955-ல் அறிக்கை வந்தது. சைத்ரம் மார்ச் 22-ல் பிறக்கும், 30 நாள். சக வருஷத்தோடு 78-ஐக் கூட்டி வரும் ஆங்கில வருஷம் லீப் வருஷமானால், சைத்ரம் மார்ச் 21-லேயே பிறந்து 31 நாள் நீடிக்கும். பண்டிகைகளில் மட்டும் குழு சமரசம் செய்துகொண்டது: ஏற்கனவே நகர்ந்ததைத் திருப்பாமல், மேலும் நகராதபடி 23 பாகை 15 கலையில் நிறுத்தச் சொன்னது. நம் வீட்டுப் பஞ்சாங்கங்கள் அதைக் கேட்கவில்லை.

1956 பிப்ரவரி 16-ல், தில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் சாஹா மாரடைப்பால் காலமானார். அவருடைய காலண்டர் 1957 மார்ச் 22-ல், சக 1879 சைத்ரம் முதல் தேதியாக, அமலுக்கு வந்தது.