கணக்கும் ஏடும்: சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள்

உடம்பை ஓம்புதற்கு ஒரு தொழில் வேண்டும். உளம் நிறைதற்குப் பிறிதொரு முயற்சியும் வேண்டும். இவ்விரண்டும் ஒருவர்பால் ஒருங்கு அமைதல் அரிதென்று கூறி அமைவார் பலர். அவர்பொருட்டு இப்பெரியாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் வைரவநாதருக்குப் புதல்வராய்த் தோன்றினார். வட்டுக்கோட்டைச் செமினாரியிற் பயின்று, சென்னைச் சருவகலாசாலையார் முதன்முதல் நடாத்திய பி. ஏ. பரீட்சையில் தேறிய இருவருள் ஒருவராயினார். கள்ளிக்கோட்டையில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னையில் அரசாங்கக் கணக்குச்சாலையில் அமர்ந்தார், 1871இல் பி. எல். பட்டமும் பெற்றார்.

உத்தியோகம் ஊதியந் தந்தது. உள்ளத்தைக் கவர்ந்தனவோ பழைய ஓலைச்சுவடிகளே. 1868இல் ஆறுமுகநாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தார். 1879இல் நாவலரவர்கள் சிவபதமெய்திய பின்னர், அப்பெருஞ்சுமையைத் தாமே தாங்கத் துணிந்தார்.

அச்சுமையின் பெருமையை நாம் சிறிது எண்ணுதல் வேண்டும். ஓலை செல்லுக்கு இரையாவது. மறுபடி எழுதுவார் இல்லையாயின் நூலும் அதனோடு மாய்வது. எழுதினார் கைப்பிழையாற் பிரதிதோறும் பாடம் வேறுபடும். ஆகலின், ஊர்தோறும் பிரதிகளைத் தேடி வருவித்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பொருளுக்கு இயைந்த பாடத்தைத் துணிதல் வேண்டும். இத்தொண்டினுக்கு அவர் ஓய்வுப்பொழுதோடு கைப்பொருளையும் வழங்கினார்.

1881இல் வீரசோழியம் வெளிவந்தது. 1882இல் கணக்குச்சாலையினின்றும் நீங்கிய பின்னர், 1883இல் இறையனாரகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே புதுக்கோட்டையில் நீதிபதியாயினார். 1890வரை வகித்த அப்பதவியும் ஏட்டுப்பணிக்கு இடையூறாயிற்றில்லை. 1889இற் சூளாமணி அச்சேறிற்று.

அவர் பதிப்புக்கள் குற்றமே இல்லாதன என்று நாம் சொல்லமாட்டோம். பொருளதிகாரத்து இறுதி இயல்கட்கு நச்சினார்க்கினியர் உரையென்று அவர் வெளியிட்டது பேராசிரியர் உரையே என்பதைப் பின்னையோர் ஆராய்ந்து கண்டனர். ஆயினும், அவ்வுரை அச்சேறியிராவிடின் ஆராய்தற்குத்தான் யாது உளது? பிழை திருத்தப்படும், மாய்ந்த நூலோ மீளாது. பிழைக்கு அஞ்சி அவர் வாளா இருந்திலர்.

1901ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல்நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் எழுதிய கணக்குக்களை இன்று நாடுவார் யாருமிலர். அவர் காத்த நூல்களையோ நாம் நாளும் பயில்கின்றோம். பொழுதில்லை என்று நாம் சொல்லப்புகும்போதெல்லாம், இக்கணக்கரை ஒருகாற் சிந்திப்போமாக.