நீலமலைக்குப் போன புதுச்சேரி அறிஞர்
காட்டைப் பார்க்கப் புறப்பட்டுக் காய்ச்சலில் விழுந்து எழுந்த பிரெஞ்சுக்காரர் லெஷனோவின் கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்து ஒரு குடும்பம் காட்டு விலங்குகளைப் பார்க்கப் புறப்படுவது இன்று பெரிய காரியம் அல்ல.

வாடகைக்கு ஒரு வேன் பேசினால் போதும். விழுப்புரம், சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று போய், மலை ஏறி, ஊட்டியைத் தாண்டினால் முதுமலை. 450 கிலோ மீட்டருக்கு மேல் தூரம். விடியுமுன் கிளம்பினால் இரவுக்குள் நீலகிரியில் இருக்கலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே புதுச்சேரியில் இருந்து ஒருவர் அதே மலைப் பக்கம் போனார். யானையும் புலியும் நிறைந்த காடு. ரயில் இல்லை, கார் இல்லை. மலைமேல் ஊட்டி என்ற நகரமே இல்லை!

அவர் பெயர் லெஷனோ தெ லா தூர். பிரான்சு நாட்டு மன்னரின் இயற்கை அறிஞர்.

இளமை

1773-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, பிரான்சில் சோன் ஆற்றங்கரையில் உள்ள ஷாலோன் நகரில் லெஷனோ பிறந்தார்.

செடி கொடிகள் என்றால் அவருக்கு உயிர். பறவைகளையும் விலங்குகளையும் விடமாட்டார்.

1800-ம் ஆண்டு அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆஸ்திரேலியக் கரைகளை ஆராய பிரெஞ்சு அரசு இரண்டு கப்பல்களை அனுப்பியது. தலைவர் பெயர் நிக்கோலா போதன். அந்தப் பயணத்தில் தாவர அறிஞராக லெஷனோ சேர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 26.

கடல் பயணம் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோய் முற்றியது. 1803-ம் ஆண்டு, தீமோர் தீவில் அவரை இறக்கி விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது.

வேறு ஒருவராக இருந்தால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பி இருப்பார். லெஷனோவோ உடம்பு சற்றுத் தேறியதும் ஜாவா தீவுக்குப் போனார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்தத் தீவின் காடுகளில் திரிந்தார்!

அம்பு விஷம்

ஜாவாவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் ஒரு விஷத்தைத் தடவுவார்கள். அதைப்பற்றி ஐரோப்பாவில் பயங்கரக் கதைகள் உலவின. அந்த மரத்தின் அருகே போனாலே மனிதன் செத்து விழுவான் என்று நம்பினார்கள்.

லெஷனோ அந்த விஷம் எடுக்கும் தாவரங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். விஷத்தையும் பாரிசுக்குக் கொண்டுபோனார். மஜாந்தி என்ற மருத்துவர் 1809-ல் அதை வைத்துச் சோதனைகள் செய்தார். விஷம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் கலைக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது.

மரத்தின் அருகே போன லெஷனோ சாகவில்லை. கதை பொய் என்பதற்கு அவரே சாட்சி!

புதுச்சேரிக்கு வந்தார்

அந்நாளில் பிரான்சும் இங்கிலாந்தும் ஓயாமல் சண்டையிட்டன. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, 1816-ம் ஆண்டு இறுதியில் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது.

லெஷனோ இந்தியாவுக்குப் புறப்பட்டதும் அதே 1816-ல்தான்.

அவருக்கு இரண்டு வேலைகள். இந்தியாவின் செடிகளையும் விலங்குகளையும் சேகரித்து பாரிசு காட்சிசாலைக்கு அனுப்ப வேண்டும். பயன்படும் பயிர்களைப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு அனுப்ப வேண்டும்.

புதுச்சேரியில் அவர் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தார். இங்கிருந்து கரும்பு, பருத்தி வகைகள் பூர்போன் தீவுக்குக் கப்பல் ஏறின. ரியூனியன் என்று இன்று அழைக்கப்படும் தீவு அது.

மீனவர் சொன்ன பெயர்கள்

முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே கடலோரம் மீனவர் குப்பங்கள் உண்டு. புதுச்சேரிக் கடற்கரை மீனவர்களிடம் லெஷனோ நிறையக் கற்றுக்கொண்டார்.

வலையில் விழும் மீன்களை வாங்கிப் பாடம் செய்து பாரிசுக்கு அனுப்பினார். அதோடு விடவில்லை. இந்த மீனுக்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டு அதையும் எழுதி அனுப்பினார். பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பெயர்!

பாரிசில் குவியே என்ற பேரறிஞரும் வலான்சியேன் என்ற அறிஞரும் உலக மீன்களைப்பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்கள். லெஷனோ அனுப்பிய மீன்களும் பெயர்களும் அதில் இடம்பெற்றன. நம்முடைய கெளுத்தி மீன் ஒன்று அந்த நூலில் லத்தீன் சட்டை போட்டுக்கொண்டு 'கெலெட்டியஸ்' ஆகிவிட்டது. இன்றும் அறிவியலில் அதற்கு அதுவே பெயர்.

காட்டுப் பயணம்

கடலோரம் மட்டும் பார்த்தால் போதுமா? காடுகள் மேற்கே இருந்தன. சேலம், கோயம்புத்தூர் பக்கம் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சி. நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டுக்காரரை உள்ளே விடுவார்களா? மலைகளையும் பாதைகளையும் குறித்துக்கொள்ளும் ஒருவரைப் பார்த்தால் ஒற்றன் என்ற சந்தேகம் வருவது இயற்கைதானே!

ஆனாலும் அனுமதி கிடைத்தது. சென்னை ராஜ்யம், வங்காளம், இலங்கை ஆகிய இடங்களில் அவர் பயணம் செய்ய ஆங்கில அரசு இடம் கொடுத்தது. அறிவுத் தேடலுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு அப்படி.

அந்தக் காலத்துப் பயணம் என்றால் பெரிய ஏற்பாடு. துரைமார் பல்லக்கில் போவார்கள். மூட்டை முடிச்சு மாட்டு வண்டியில் போகும். கூடாரம், சமையல் சாமான், மருந்துப் பெட்டி எல்லாம் கூடவே வர வேண்டும். லெஷனோ போன்றவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. செடிகளை அழுத்தி உலர்த்தக் காகிதக் கட்டு, விலங்குகளைப் பாடம் செய்யச் சாராயம், பெட்டிகள்.

மாட்டு வண்டி நாள் ஒன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோ மீட்டர் போனால் அதிகம். புதுச்சேரியில் இருந்து கோயம்புத்தூர்ச் சீமைக்கு எங்கும் தங்காமல் போனாலும் இரண்டு வாரம் ஆகும். வழியில் சத்திரம், தோப்பு, ஆற்றங்கரை. ஆறு பெருகினால் வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. யானைத் தடம் எது, தண்ணீர் எங்கே, எந்தப் பழம் தின்னலாம் என்பதெல்லாம் உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். துரை எழுதிய குறிப்புகளில் பாதி அறிவு வழிகாட்டியின் அறிவு. லெஷனோவின் பெயரைப் பல விலங்குகள் தாங்கி நிற்கின்றன. அவரை அழைத்துப்போனவர்களின் பெயரை ஓர் ஓணான்கூடத் தாங்கவில்லை.

காய்ச்சல்!

புலிக்கும் யானைக்கும் தப்பினார் லெஷனோ. காய்ச்சலுக்குத் தப்பவில்லை.

கோயம்புத்தூர்ச் சீமைக் காடுகளில் திரிந்தபோது நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. மலை அடிவாரக் காடுகளின் காய்ச்சல் என்றால் அந்நாளில் வெள்ளைக்காரர்கள் நடுங்குவார்கள். வந்தவர்களில் பலர் திரும்பியது இல்லை.

அழுகிய இலைகளில் இருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று அப்போது மருத்துவர்கள் நம்பினார்கள். கொசுதான் மலேரியாவுக்குக் காரணம் என்பதற்கு ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் சான்று கண்டது 1897-ல். கொய்னா மருந்தின் சத்தைப் பாரிசில் பிரித்து எடுத்ததே 1820-ல்தான். லெஷனோ நோயில் விழுந்ததோ அதற்கு ஓர் ஆண்டு முன்பு!

எலும்பும் தோலுமாக ஆனார் அவர். இனி என்ன செய்வது? புதுச்சேரி வெகு தூரம்.

எதிரே நீலமலை நின்றது.

மலை கொடுத்த உயிர்

1818-ம் ஆண்டு விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் நீலமலை ஏறி வந்து, மேலே குளிர் நாடு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் தாமே ஏறிப் பார்த்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி என்ற இடம் அவருக்குப் பிடித்துவிட்டது.

அதே 1819-ல் லெஷனோவும் மலைக்குப் போனார். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வாட்டர்லூ போர்க்களத்தில் மோதி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இங்கே இருவரும் ஒரே மலையில் நண்பர்களாக நின்றார்கள்.

ஏறும்போது அவருக்கு நிற்கவும் வலு இல்லை. மேலே குளிர்ந்த காற்று, தெளிந்த நீர், கொசு இல்லாத இரவு. சில நாட்களிலேயே உடம்பு தேறத் தொடங்கியது. நடக்க ஆரம்பித்தார். நடக்க முடிந்ததும் சும்மா இருப்பாரா? செடி பறிக்கக் கிளம்பிவிட்டார்!

அவர் குணமானது வெள்ளைக்காரர்களிடையே பேச்சானது. நீலகிரிக்குப் போனால் நோய் தீரும் என்ற பெயர் பரவ அதுவும் ஒரு காரணம்.

ஊட்டிக் கடைகளில் 'விண்டர்கிரீன்' தைலம் விற்கிறார்கள் அல்லவா? மூட்டு வலிக்குத் தேய்க்க வாங்கி வராத குடும்பம் குறைவு. அந்தத் தைலம் வடிக்கும் நீலகிரிச் செடிக்கு அறிஞர்கள் வெகு காலம் லெஷனோவின் பெயரையே வழங்கினார்கள்.

இன்று போகிறவர்கள்

லெஷனோவின் நாளில் சல்லிவன் சீமைக்குள் நுழைய அனுமதி வேண்டி இருந்தது. இன்று அந்த மலைக்குப் போகிறவர்களுக்கும் அனுமதி இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. புதுச்சேரி எண் உள்ள வாடகை வேன் என்றால் பெர்மிட் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

முதுமலை 1940-ல் சரணாலயம் ஆயிற்று. 2007-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. தெப்பக்காடு வரைதான் சொந்த வண்டி. காட்டுக்குள் சுற்றிக்காட்டுவது வனத்துறையின் வண்டி. காலையிலும் மாலையிலும்தான் விலங்குகள் வெளியே வரும். ஆகையால் முதல் நாள் பயணம், இரண்டாம் நாள் காடு, மூன்றாம் நாள் திரும்புதல் என்று வைத்துக்கொண்டால் குழந்தைகள் களைத்துப் போகமாட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் என்று நினைத்தால் மிஞ்சுவது வாந்திதான்.

முதுமலையை அடுத்த பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. இருட்டுவதற்குள் தங்கும் இடம் சேரும்படி டிரைவரிடம் முன்பே பேசிவிட வேண்டும். கோடையில் காட்டுத் தீ அச்சம் இருந்தால் காட்டுக்குள் விடாமல் நிறுத்துவதும் உண்டு. அதையும் விசாரித்துக்கொண்டு கிளம்பலாம்.

யானையைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்குவதும், குரங்குக்குத் தின்பண்டம் போடுவதும் கூடவே கூடாது.

கடைசிப் பயணம்

குணமான லெஷனோ ஓய்ந்துவிடவில்லை. இலங்கைக்குப் போய்க் கறுவாப் பட்டையைப்பற்றி ஆராய்ந்தார். வங்காளமும் பார்த்தார். 1822-ல் தாய்நாடு திரும்பினார்.

வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்! பிரேசில், சூரினாம், பிரெஞ்சு கயானா என்று சுற்றினார். கயானாவில் தேயிலைச் செடியைக் கொண்டுபோய் நட்டார். அங்கே மறுபடி உடம்பு கெட்டது. பக்கத்தில் நீலமலை இல்லை. பாரிசுக்குத் திரும்ப நேர்ந்தது.

1826 மார்ச் 14-ந் தேதி பாரிசில் அவர் காலமானார். வயது 52.

புதுச்சேரியில் இன்று மக்கள் உலாவும் தாவரவியல் பூங்கா உருவானதும் அதே 1826-ல்தான். பின்னால் வந்த பெரோத்தே என்ற அறிஞர் அதை வளர்த்தார்.

லெஷனோவின் பெயரைச் சுமக்கும் உயிர்கள் பல. செந்தலைப் பஞ்சுருட்டான் என்ற அழகான பறவை ஒன்று. புதர்க்காட்டில் தரையில் ஓடித் திரியும் சிவந்த அலகுக் குயில் இனம் ஒன்று. சோழமண்டலக் கரையின் சிறு பல்லி இனம் ஒன்று. ஆஸ்திரேலியாவில் அழகான பூப்பூக்கும் ஒரு செடிப் பேரினமே உண்டு.

பழந்தின்னி வௌவால் ஒன்றும் இருக்கிறது. அதை அறிவியல் முதலில் அறிந்தது புதுச்சேரியில் கிடைத்த வௌவாலை வைத்து. 1820-ல் பெயர் இட்டார்கள். இருட்டிய பிறகு கொய்யா மரத்துக்கும் அத்தி மரத்துக்கும் அது வரும். அதைப் பார்க்க வேன் பேச வேண்டியது இல்லை.